உண்ணிக் கடியும் இறைச்சி ஒவ்வாமையும்

மாட்டு உண்ணி இரத்தத்தை உறிஞ்சும், பாலைக் குறைக்கும், காய்ச்சலைக் கொண்டு வரும் என்பது கால்நடை வளர்ப்போர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் உண்ணி மனிதனைக் கடித்தால் என்ன ஆகும் என்பதைப் பலரும் பெரிதாக எண்ணுவதில்லை. பிய்த்து எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சில வகை உண்ணிகள் கடித்ததன் விளைவாக, பிறந்தது முதல் ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் சாப்பிட்டு வந்தவர்களுக்கு அந்த இறைச்சியே ஆகாமல் போய்விடுகிறது என்பது கடந்த 20 ஆண்டுகளுக்குள் தெரிய வந்துள்ளது. சிலருக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகவே கால்நடையோடும் புல்லோடும் பழகும் விவசாயிகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இராஜாக்கமங்கலம் ஒன்றியத்தில் நெல், தென்னை, வாழை ஆகியவற்றோடு ஓரிரு கறவை மாடுகளையும் நாலைந்து ஆடுகளையும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர். தென்னை விளையிலும், வாய்க்கால் கரையிலும், வரப்பிலும் புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வருவது அன்றாட வேலை. கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுவதால் புல்லும் ஈரமும் ஆண்டில் பல மாதங்கள் இருக்கும். உண்ணிக்கு வேண்டியதும் இந்தப் புல்லும் ஈரமும்தான்.

உண்ணியின் வாழ்க்கை

உண்ணி பூச்சி இனத்தைச் சேர்ந்தது அல்ல. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. முட்டை, குஞ்சு, இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி என அதன் வாழ்வில் நான்கு பருவங்கள் உண்டு. குஞ்சுக்கு ஆறு கால்களும், அதன் பிறகு எட்டுக் கால்களும் இருக்கும். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி மாட்டிலிருந்து கீழே விழுந்து, தொழுவத்தின் இடுக்கிலோ புல்லடியிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு இறந்து போகும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் கடுகிலும் சிறியவை. அவை புல் நுனியில் ஏறி, முன்கால்களை நீட்டியபடி காத்திருக்கும். மாடோ ஆடோ மனிதனோ உரசிச் சென்றால் பற்றிக் கொள்ளும். மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் வைத்தே தனக்கு இரை வருவதை உண்ணி அறிந்து கொள்கிறது.

நம் மாடுகளில் மிகுதியாகக் காணப்படும் மாட்டு உண்ணி பெரும்பாலும் மாட்டையே நாடும். வேறு சில இனங்கள் கிடைத்த பிராணியையெல்லாம் கடிக்கும், மனிதனையும் விடுவதில்லை. இலங்கையில் காதுக்குள் உண்ணி புகுந்து டாக்டரிடம் வருவோர் பற்றிய மருத்துவக் குறிப்புகள் பல உண்டு. கர்நாடகத்தில் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டுப் பகுதியில் 1957இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் பரவுவதுதான். குரங்குக் காய்ச்சல் கிருமியால் வருவது. ஆனால் இங்கே சொல்லப்படும் இறைச்சி ஒவ்வாமைக்குக் கிருமி எதுவும் காரணமல்ல. உண்ணியின் எச்சிலே காரணம்.

கண்டுபிடித்த விதம்

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் வடபகுதியில் உண்ணிகள் மிகுதி. அங்கே ஒவ்வாமை நோய் மருத்துவராக இருந்த ஷெரில் வான் நுனென் என்ற பெண் டாக்டர், இறைச்சி ஒவ்வாமையோடு வந்தவர்களிடம் உண்ணி கடித்ததுண்டா என்று விசாரித்தார். 2007இல் தாம் கண்டதை முதன்முதலாக வெளியிட்டார். 2009இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில், இறைச்சி ஒவ்வாமை உள்ள 25 பேரில் 24 பேருக்கு முன்னரே உண்ணி கடித்துக் கடிவாய் பெரிதாகத் தடித்திருந்தது என்று குறிப்பிட்டிருந்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு வழியாக இதே உண்மை வெளிப்பட்டது. செட்டுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தை ஊசி மூலம் ஏற்றியபோது, தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த நோயாளிகள் சிலருக்கு உடனே கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. மற்ற மாநிலங்களில் அவ்வளவாக இல்லை. காரணத்தைத் தேடிய வர்ஜீனியா பல்கலைக்கழகத்து டாக்டர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸும் அவருடைய குழுவினரும், அந்த மருந்தில் உள்ள ஒரு வகைச் சர்க்கரைப் பொருளே காரணம் என்று 2008இல் வெளியிட்டார்கள். அந்த மருந்து சுண்டெலியின் செல்களில் வளர்த்து எடுக்கப்படுவது. ஒவ்வாமை மிகுந்த மாநிலங்களும், உண்ணியால் காய்ச்சல் பரவும் மாநிலங்களும் ஒன்றாகவே இருந்தன. சந்தேகம் உண்ணியின் மேல் விழுந்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. 2007 ஆகஸ்டில் மலைப்பகுதியில் நடந்து சென்ற டாக்டர் பிளாட்ஸ்-மில்ஸையே உண்ணிக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் கடித்துவிட்டன. அதே ஆண்டு நவம்பரில் லண்டனில் அவர் ஆட்டிறைச்சி சாப்பிட்டார். ஆறு மணி நேரம் கழித்து உடலெங்கும் தடிப்பு எழுந்தது. ஆராய்ச்சி செய்தவரே நோயாளியும் ஆனார்.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஆடு, மாடு, பன்றி, முயல், குதிரை போன்ற பாலூட்டிகளின் உடலில் ஆல்பா-கேல் என்னும் சர்க்கரைப் பொருள் உண்டு. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் நம் நாட்டுக் குரங்குகளுக்கும் இது இல்லை. கோழி, வாத்து, மீன், இறால் ஆகியவற்றிலும் இல்லை.

இறைச்சி மூலம் வயிற்றுக்குள் போகும் ஆல்பா-கேல் சாதாரணமாகத் தீங்கு செய்வதில்லை. ஆனால் சில உண்ணிகளின் எச்சிலிலும் இது இருக்கிறது. கடிக்கும்போது அந்த எச்சில் தோல் வழியாக உள்ளே போகிறது. தோல் வழியே வந்ததை உடல் எதிரியாகக் கருதி, ஐ.ஜி.இ. என்ற வகை எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக் கொள்கிறது. களத்துக்கு ஒரு முறை திருடன் வந்துவிட்டால், பிறகு அதே நிறத்தில் துண்டு போட்டு வரும் உறவினரைக் கண்டும் நாய் பாய்வது போன்றது இது. சில வாரங்களோ மாதங்களோ கழித்து இறைச்சி சாப்பிடும்போது, அதிலுள்ள ஆல்பா-கேலை உண்ணியின் எச்சில் என்று உடல் தவறாக எண்ணிக் கொள்கிறது. அந்தப் போராட்டமே தடிப்பாகவும் வாந்தியாகவும் மூச்சுத் திணறலாகவும் வெளிப்படுகிறது.

உண்ணி கடித்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் ஏராளம். ஆனால் மீண்டும் மீண்டும் கடிபடுவோருக்கு எதிர்ப்பொருளின் அளவு கூடிக்கொண்டே போகும்.

காலம் தாழ்த்தி வரும் தொல்லை

மற்ற ஒவ்வாமைகளுக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே உதடு தடிக்கும், அரிப்பு எடுக்கும். இறைச்சி ஒவ்வாமையோ 2 மணி முதல் 6 மணி நேரம் கழித்தே வரும். ஆல்பா-கேல் கொழுப்போடு சேர்ந்திருப்பதும், கொழுப்பு செரித்து இரத்தத்தில் கலப்பதற்கு நேரம் பிடிப்பதுமே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. கொழுப்பு மிகுந்த இறைச்சியும், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளும் தொல்லையை அதிகமாக்கும்.

ஒரு விவசாயி இரவு 8 மணிக்கு மரச்சீனிக் கிழங்கும் மாட்டிறைச்சியும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார் என்று வைத்துக் கொள்ளலாம். நள்ளிரவு 1 மணிக்கு உள்ளங்கை அரிக்கிறது. உடம்பெல்லாம் தடிக்கிறது. வயிற்றைப் பிசைகிறது. விளக்கைப் போட்டுப் பாயை உதறிப் பார்த்து, ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்பார்கள். அல்லது பித்தம் என்பார்கள். கறி பழையது என்று கடைக்காரர் மேல் குறை சொல்வார்கள். ஐந்து மணி நேரத்துக்கு முன் சாப்பிட்ட நல்ல இறைச்சியையும், இரண்டு மாதத்துக்கு முன் காலில் கடித்த உண்ணியையும் யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் இது வருவதில்லை என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

டாக்டர்களுக்கே இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், அந்நாட்டில் 2010 முதல் 4,50,000 பேர் வரை இந்த ஒவ்வாமைக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. அப்போது விசாரிக்கப்பட்ட மருத்துவப் பணியாளர்களில் 100க்கு 42 பேர் இப்படி ஒரு நோயைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

அறிகுறிகள்

1. உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் முதலிய இடங்களில் அரிப்பு. உடலெங்கும் சிவந்த தடிப்பு.

2. உதடு, கண்ணிமை, நாக்கு, தொண்டை வீங்குதல்.

3. கடுமையான வயிற்று வலி, வாந்தி, பேதி. சிலருக்குத் தோலில் எதுவும் இல்லாமல் வயிற்றுத் தொல்லை மட்டுமே வரும்.

4. மூச்சுத் திணறல், இருமல், இழுப்பு.

5. தலைசுற்றல், வியர்வை, இரத்த அழுத்தம் குறைந்து மயக்கம்.

நான்காவதும் ஐந்தாவதும் உயிருக்கு ஆபத்தானவை. மது அருந்துதல், கடும் உடல் உழைப்பு, சில வலி மாத்திரைகள் ஆகியவை இறைச்சியோடு சேர்ந்தால் தொல்லை கடுமையாகும்.

அலட்சியம் கூடாது

2024 கோடையில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், வெளியூரில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தபோது மாட்டிறைச்சி சாப்பிட்டார். சில மணி நேரம் கழித்துக் கடும் வயிற்று வலியும் வாந்தியும் பேதியும் ஏற்பட்டன. காலையில் சரியாகிவிட்டதால் டாக்டரிடம் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு விருந்தில் மாட்டிறைச்சி வைத்த ரொட்டி சாப்பிட்டார், பீரும் குடித்தார். சுமார் நான்கு மணி நேரத்தில் இறந்து போனார். பிரேதப் பரிசோதனையில் காரணம் தெரியவில்லை. பிறகு டாக்டர் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் அவருடைய இரத்தத்தைச் சோதித்து, இது ஆல்பா-கேல் ஒவ்வாமையால் நேர்ந்த மரணம் என்று 2025இல் வெளியிட்டனர். அந்தக் கோடையில் அவருடைய கணுக்காலில் அரிப்போடு கூடிய சிறு கடிகள் இருந்தன. வேறு ஏதோ சிறு பூச்சி என்று வீட்டார் எண்ணியிருந்தார்கள். அவை உண்ணிக் குஞ்சுகளின் கடியாக இருக்கக்கூடும் என்பது மருத்துவர்களின் கருத்து.

முதல் முறை வந்த வயிற்று வலியை யாராவது சரியாக விசாரித்திருந்தால் அந்த உயிர் போயிருக்காது. இதனால் ஒவ்வொரு உண்ணிக் கடிக்கும் அஞ்சி நடுங்க வேண்டிய அவசியமில்லை. அமெரிக்காவில் இதற்குக் காரணமான உண்ணி முதுகில் வெள்ளைப் புள்ளி கொண்ட வேறு இனம். ஆஸ்திரேலியாவில் உள்ளது இன்னொரு இனம். ஐரோப்பா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களிலும் இந்த ஒவ்வாமை காணப்பட்டுள்ளது. இத்தனை கண்டங்களில், இத்தனை இன உண்ணிகளால் வருவதால், உண்ணி உள்ள ஊரில் இருப்பவர்கள் விழிப்பாக இருப்பதே அறிவுடைமை.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை

இரவில் காரணமில்லாமல் தடிப்போ வயிற்று வலியோ வந்தால், அதற்கு முன் ஆறு மணி நேரத்தில் சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு, எப்போது தொல்லை தொடங்கியது, அண்மையில் உண்ணி கடித்ததா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இறைச்சி சாப்பிட்ட இரவில் மட்டுமே தொல்லை வந்திருந்தால், அந்த நோட்டோடு டாக்டரிடம் போக வேண்டும். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆலோசனை பெறலாம். ஆல்பா-கேலுக்கு எதிரான ஐ.ஜி.இ. அளவை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். சோதித்துப் பார்ப்பதற்காக வீட்டில் மறுபடியும் இறைச்சி சாப்பிடுவது கூடாது.

மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்கக் கூடாது. உடனே 108க்குத் தகவல் கொடுக்க வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்கலாம். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடக் கூடாது. இந்த நிலையில் உயிரைக் காப்பாற்றுவது அட்ரினலின் ஊசி. சாதாரண அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது.

உணவும் மருந்தும்

நோய் உறுதியானவர்கள் ஆடு, மாடு, எருமை, பன்றி, முயல் இறைச்சிகளையும், ஈரல், சிறுநீரகம், கொழுப்பு, ஆட்டுக்கால் சூப் முதலியவற்றையும் தவிர்க்க வேண்டும். மீன், இறால், நண்டு, கோழி, முட்டை ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. கடற்கரை அருகில் இருப்பதால் இராஜாக்கமங்கலம் பகுதியினருக்குச் சாளை மீனாவது கிடைக்காமல் போகாது. ஆகவே சத்துக் குறைவு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பால், தயிர் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். சிலருக்கு மட்டும் ஆகாது. அதை டாக்டரின் யோசனைப்படி முடிவு செய்ய வேண்டும். மாட்டிறைச்சி வெந்த சட்டியிலேயே கோழியையும் சமைப்பது சிலருக்குக் கெடுதல் செய்யும்.

மருந்து மாத்திரைக் கூடுகள் பல, மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனவை. பாம்பு விஷ முறிவு மருந்து குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே மருத்துவமனைக்கு எதற்காகப் போனாலும் இந்த ஒவ்வாமை இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் பாம்பு கடித்தவர் இதைக் காரணம் காட்டி விஷ முறிவு மருந்தை மறுக்கக் கூடாது. டாக்டர் தக்க முன்னேற்பாட்டோடு கொடுப்பார்.

மாட்டைத் தொடுவதாலோ பால் கறப்பதாலோ தொல்லை வராது. கன்று ஈனும்போது பனிக்குட நீர் பட்டு ஒவ்வாமை ஏற்பட்ட நிகழ்ச்சி ஐரோப்பாவில் பதிவாகியுள்ளது. நோய் உள்ளவர்கள் அந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

இதை அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் மறுபடியும் உண்ணி கடிக்காமல் பார்த்துக் கொண்டால், பலருக்குச் சில ஆண்டுகளில் எதிர்ப்பொருள் குறைந்து விடுகிறது. மீண்டும் கடிபட்டால் குறைந்தது கூடிவிடும். ஆகவே உண்ணியைத் தடுப்பதே மருந்து.

உண்ணி ஒழிப்பு

மாட்டின் காது, தாடை, மடி, தொடை இடுக்கு, வாலடி ஆகிய இடங்களை நாள்தோறும் தடவிப் பார்க்க வேண்டும். எடுத்த உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ போட்டுக் கொல்ல வேண்டும். தொழுவத்துச் சுவரிலும் தரையிலும் உள்ள வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சாணத்தையும் தின்று மிஞ்சிய புல்லையும் குவித்து வைக்கக் கூடாது. கோழிகளைத் தொழுவத்தில் மேய விட்டால் உண்ணிகளைக் கொத்தித் தின்னும். ஒரே இடத்தில் நாள்தோறும் மாட்டைக் கட்டுவது உண்ணி பெருகுவதற்கு வழி செய்யும். நாட்டு மாடுகளை விடக் கலப்பின மாடுகளில் உண்ணித் தொல்லை அதிகம்.

தேசிய பால்வள வாரியம் பரிந்துரைக்கும் மூலிகை மருந்தை வீட்டிலேயே செய்யலாம். பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி ஆகியவற்றை அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்ட வேண்டும். வெயில் உள்ள நேரத்தில் மாட்டின் உடல் முழுவதும் தெளிக்கலாம். துணியில் நனைத்தும் தடவலாம். தொழுவத்து இடுக்குகளிலும் தெளிக்க வேண்டும். வாரம் ஒரு முறை, உண்ணி தீரும் வரை செய்து வரலாம். உண்ணி மிகுதியானால் கால்நடை மருந்தகத்தில் காட்டி, டாக்டர் சொல்லும் மருந்தைச் சொல்லும் அளவில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மருந்து போட்ட பிறகு எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

மனிதருக்குப் பாதுகாப்பு

புல்லறுக்கப் போகும்போது கை, கால்களை மூடும் உடை நல்லது. புல்கட்டை வெறுந்தலையில் வைக்காமல், தலையிலும் காதிலும் துணியைக் கட்டிக்கொண்டு வைக்க வேண்டும். புல்கட்டின் மேல் உட்காரக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளித்து, காதின் பின்புறம், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் தலையையும் பார்க்க வேண்டும். உடுத்திய துணியைச் சுடுநீரில் அலசி வெயிலில் காய வைக்க வேண்டும்.

கடித்துப் பிடித்திருக்கும் உண்ணியின் மேல் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, புகையிலைச் சாறு முதலியவற்றைத் தடவுவதும் பீடி நெருப்பால் சுடுவதும் தவறு. அப்போது உண்ணி மேலும் எச்சிலைக் கக்கக்கூடும். கூரிய முனையுள்ள சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கடித்த தேதியைக் குறித்து வைப்பது நல்லது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சல் வந்தாலும், உடலில் எங்காவது கருகிய பொருக்கு போன்ற புண் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். புல்லில் உள்ள வேறு சிறு ஒட்டுண்ணிகளால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் அடையாளம் அந்தப் பொருக்கு. ஆரம்பத்திலேயே கண்டால் எளிய மாத்திரையில் குணமாகும்.

மாட்டின் உண்ணியை ஒழித்தால் பாலும் கூடும். வீட்டாரின் உடம்பும் தப்பும். ஒரு பல் பூண்டையும் ஒரு கைப்பிடி வேப்பிலையையும் அரைக்க நேரமில்லை என்று தள்ளிப் போடுவோர், உண்ணி கடிக்கும் இடம் மாட்டின் தோல் மட்டுமல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.